கையுறைக்குள்

ஊதாக் கவுண்டருக்கு முன்னால் மதியத்தில் நீண்ட வரிசை நிற்பதில்லை. கூட்டமெல்லாம் மண்டபத்தின் மறுபக்கத்தில், பீட்சா அடுப்புக்கும் உருளைக்கிழங்கு பொரிக்கிற இடத்துக்கும் முன்னால்தான். ஏதாவதொரு சாப்பாடு ஒத்துக்கொள்ளாத கல்லூரிப் பிள்ளைகளுக்கான இந்தக் கவுண்டருக்கு ஒரே நேரத்தில் நாலைந்து பேர் வந்தால் அதிகம். ஆனால் ஒவ்வொருவருக்கும் குணேஸ்வரி தன் கையைப் புதிதாக்க வேண்டும். போட்டிருக்கும் நீலக் கையுறையை உருவிக் குப்பையில் போட்டு, சோப்பால் கழுவி, கடதாசித் துவாயில் ஒற்றி, கிருமிநீக்கியைத் தேய்த்து, அது காய்வதற்குள் அடுத்த சோடியை இழுத்து மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் இடுக்கியைத் தொடலாம்.

பலகை, கத்தி, இடுக்கி, கரண்டி எல்லாமே ஊதா. இவை வேறு அடுப்புக்குப் போகக்கூடாது. வேறு நிறம் இங்கே வரக்கூடாது. பயிற்சி வகுப்பில் ஒரு பெண் இதைப் படம் படமாகக் காட்டி விளக்கியபோது குணேஸ்வரிக்கு அதில் புதினம் ஒன்றும் இருக்கவில்லை. மச்சச் சட்டியும் சைவச் சட்டியும் ஒன்றையொன்று தொடாத வீட்டில் வளர்ந்தவள். மீன் வெட்டிய கத்தியால் வெள்ளிக்கிழமை தக்காளி வெட்டினால் எங்கள் வீட்டில் கொலை விழும் என்று அவள் தட்டுத் தடுமாறி பிரெஞ்சில் சொன்னதும் வகுப்பே சிரித்தது. சிரித்து முடிந்ததும் கவுண்டரை அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த அந்தக் கல்லூரியின் சாப்பாட்டு மண்டபத்தை நடத்தியது, டொராண்டோவில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஓர் உணவு நிறுவனம். மற்றக் கவுண்டர்களில் ஆள் மாறி மாறி நிற்பார்கள். விடுமுறை வந்தால் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். ஊதாக் கவுண்டர்க்காரிக்கு மட்டும் வருடம் முழுக்க, முழு நேர வேலை. ஒரு பண்டகசாலையில் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போன கணவன் இரவிச்சந்திரன் இலையுதிர் காலத்திலிருந்து வீட்டில் படுத்திருந்தான். பியர்ஃபோன்ஸில் இருந்த அவர்கள் வீட்டின் அடுப்பு இந்தக் கவுண்டரை நம்பித்தான் எரிந்தது.

கவுண்டருக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் யோகேந்திரன் பெயர் வைத்திருந்தார். பாத்திரம் கழுவும் அறையில் வேலை செய்கிற அவர், தட்டுக் கொண்டுபோக வரும்போதெல்லாம் அங்கே ஒரு நிமிடம் நிற்பார். கோதுமை ஆகாத நெட்டைப் பையன் ‘ரொட்டித்துரை’. பால், முட்டை, சோயா மூன்றும் ஒத்துக்கொள்ளாத கியூபெக் சிட்டிப் பெண் ‘ஏகாதசி’. எள் துளி பட்டாலும் ஆகாத, பக்கத்துக் கர்க்லாண்டில் வீடு இருந்தும் விடுதியில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து வந்திருந்த அம்ருதா ‘எள்ளுப்பிள்ளை’.

“இண்டைக்கு ஏகாதசிக்கு என்ன படையல்?”

“சோறும் கோழியும்.”

“விரதக்காரிக்குக் கோழியோ! கலிகாலம்.”

“அண்ணை, நீங்கள் உங்கட ஊத்தைத் தட்டோட கவுண்டருக்குக் கிட்ட நிக்காதேங்கோ. மனேஜர் சில்வி கண்டால் என்னைத்தான் பேசுவா.”

எள் விஷயத்தில் குணேஸ்வரி யாரையும் நம்பமாட்டாள். பேகல் என்கிற வளைய ரொட்டியில் எள் இருந்தது. கொண்டைக்கடலை மசியலில் அரைத்த எள் இருந்தது. புதிதாக வந்த ஒரு சாலட் குழம்பின் பின்பக்கச் சிற்றெழுத்தில் கூட இருந்தது. அந்தக் குழம்பைப் பெட்டியோடு திருப்பி அனுப்பியவள் அவள்தான். பேகல் தட்டோடு யாராவது கவுண்டர்ப் பக்கம் வந்தால் கையை நீட்டி மறித்து, சுற்றிப் போகச் சொல்லுவாள்.

புதுவருடத்துக்குப் பின் கையுறை மாறியது. பழைய பெட்டிகளுக்குப் பதில் வேறொரு நிறுவனத்தின் பெட்டிகள் வந்தன. நிறம் அதே நீலம்தான், விலை குறைவு என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு கிழமைக்குள் விரலிடுக்குகளில் அரிப்பு. பிறகு புறங்கையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பெப்ரவரி உறைகுளிரில் பேருந்துக்கு நின்றபோது விரல் மடிப்புகள் வெடித்தன. கிருமிநீக்கி பட்டால் மிளகாய் அரைத்த கைபோல் எரிந்தது.

பாத்திர அறையில் ஒருநாள் அவள் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றதை யோகேந்திரன் பார்த்துவிட்டார்.

“இஞ்ச காட்டு கையை. ஐயோ பிள்ளை, பாம்பு சட்டை கழட்டின மாதிரியெல்லோ கிடக்கு!”

“கிளவுஸ்தான் அண்ணை. புதுப் பெட்டி வந்த நாள் துவக்கம் கடிக்குது.”

“சில்வியிட்டச் சொன்னனீயோ?”

“சொன்னனான். வேற கிளவுஸ் எண்டால் டொராண்டோவில இருந்துதான் வரவேணுமாம். கை புண்ணெண்டால் சாப்பாடு தொட ஏலாதாம். மாறுமட்டும் கவுண்டரை வேற ஆரும் பாக்கட்டாம், என்னை வீட்டில இருக்கட்டாம். கூப்பிடேக்க வரட்டாம்.”

“கூப்பிடேக்க எண்டால்?”

“கூப்பிடேக்க எண்டால், கூப்பிட மாட்டினம் எண்டு அர்த்தம்.”

யோகேந்திரன் குழாயை மூடினார். “பேந்து நீ என்ன சொன்னனீ?”

“சுகமாப் போச்சு எண்டு சொல்லிப்போட்டன்.”

அவர் கடதாசித் துவாயை இழுத்து நீட்டினார். பிறகு, “நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி மஞ்சள் போட்டுப் பூசு. என்ர மனுசி கால்வெடிப்புக்கு அதுதான் பூசிறவ,” என்றார்.

“எண்ணெய் ராவில பூசிறனான்தான். மஞ்சள் வேண்டாம் அண்ணை. கிளவுஸில பிரண்டு காட்டிக்குடுத்திடும்.”

அவள் வீட்டில் சமையலுக்குச் சூரியகாந்தி எண்ணெய். நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது படுக்கையறை அலுமாரியில், தைலப் புட்டிக்கும் கணவனின் முதுகுக்குப் பூசும் களிம்புக்கும் பக்கத்தில். தலைக்கு, மூட்டுக்கு, வெள்ளிக்கிழமை விளக்குக்கு. முதலில் படுக்கப் போகுமுன் மட்டும் பூசினாள். பிறகு காலையில் வெளிக்கிடும்போதும். எண்ணெய் பூசிய கைக்குள் கையுறை அவ்வளவாக எரிக்கவில்லை என்று கண்டதும், இருமல் மருந்துப் போத்தல் ஒன்றைக் கழுவி அதில் கொஞ்சம் ஊற்றி, வேலையிடத்து லொக்கரில் வைத்துக்கொண்டாள். மச்சத்துக்கும் சைவத்துக்கும், கோதுமைக்கும் பாலுக்கும் கோடு போட்டுப் பழகிய அவள் மனது, சமையலறைக்கும் மருந்து அலுமாரிக்கும் நடுவே இருந்த கோட்டை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வியாழக்கிழமை வெளியே பனிப்புயல் சுழன்றது. வகுப்புகள் முடிந்த பிள்ளைகள் ஒருவரும் வெளியே போகாமல் மொத்தமாக மண்டபத்துக்குள் வந்தார்கள். ஊதாக் கவுண்டருக்கும் அன்று வரிசை. கழுவக் கழுவ வெடிப்புகளில் இரத்தம் கசிந்தது. வேலை தொடங்க முன் லொக்கரடியில் நின்று நன்றாகவே எண்ணெய் பூசியிருந்தாள்; வெடிப்புகளுக்குள் ஊறியது கழுவியும் முழுதாகப் போகவில்லை. வரிசை நீண்டபோது, இரண்டு மூன்று பேருக்கு அவள் கழுவவில்லை. கையுறையை மட்டும் மாற்றினாள். பழையதை உருவிய எண்ணெய் விரல்களால் புதியதைப் பிடித்து இழுத்தாள்.

“ஆன்ட்டி, இன்னிக்காவது ப்ரோக்கோலிக்கு லீவ் குடுங்க, ப்ளீஸ்,” என்றாள் அம்ருதா.

“ப்ரோக்கோலிக்கு நான் லீவு குடுத்தால், சில்வி எனக்கு லீவு தந்திடுவா.”

“அப்ப கொத்தமல்லி கொஞ்சம் ஜாஸ்தி போடுங்க. அதோட சேர்ந்தா அது ப்ரோக்கோலின்னே தெரியாது.”

சோறு, அவரை, சுட்ட பூசணி, ப்ரோக்கோலி. கொத்தமல்லித் தழையைக் குணேஸ்வரி எப்போதும்போல் கையாலேயே அள்ளித் தூவினாள். இந்தப் பிள்ளைக்கென்று காலையிலேயே தனியாக வெட்டி வைத்தது அது.

ரொட்டித்துரையின் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. அம்ருதா எழுந்து நின்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு தடித்திருந்தது. கண்ணிமைகள் ஊதி, முகம் வேறு யாருடையதோ போலாகிக்கொண்டிருந்தது. “ஆன்ட்டி, தொண்டை...” என்றாள். அதற்கு மேல் குரல் வரவில்லை.

குணேஸ்வரி கவுண்டரைச் சுற்றி ஓடினாள். அம்ருதாவின் பையின் முன் அறையில் ஒவ்வாமைக்கான ஊசி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். முதல் கிழமையே கேட்டு வைத்திருந்தாள். மூடியைப் பிடுங்கி, ஜீன்ஸுக்கு மேலாகவே தொடையில் குத்திப் பிடித்துக்கொண்டாள். “ஒண்டுமில்லை மகள், ஒண்டுமில்லை, என்னைப் பார், மூச்சை இழு,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது அம்ருதாவின் தலை அவள் மடியில் இருந்தது. மூச்சு வந்திருந்தது.

மறுநாள் கவுண்டரை மூடி, நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் சோற்றிலும் அவரையிலும் பூசணியிலும் மாதிரி எடுத்துப் போனார்கள். எதிலும் எள் இல்லை. காய்கறி கொண்டுவரும் வாகனத்தில் பேகல் ஏற்றினார்களா என்று விசாரித்தார்கள். அதுவும் இல்லை. சில்வி இரண்டு நாளாக நின்றபடியே சாப்பிட்டாள். கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் குணேஸ்வரியைக் கண்டபோதெல்லாம் தோளில் தட்டினாள். பிள்ளையைக் காப்பாற்றியவள் என்று நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட ஒரு படம் வேண்டும் என ஊதா ஏப்ரனோடு அவளை நிறுத்தினாள். கைகளை முன்னால் வைக்கச் சொன்னபோது குணேஸ்வரி ஒரு சோடிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். சில்விக்கு அது இன்னும் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை பிற்பகல், மண்டபம் காலியான நேரத்தில், நீலச் சால்வை போட்ட ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள்.

“நீங்கதானே குணேஸ்வரி? நான் ரமா. அம்ருதாவோட அம்மா.”

குணேஸ்வரி துடைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். “பிள்ளை எப்பிடி இருக்கிறா, டொக்டர்?” ரமா மருத்துவர் என்று அம்ருதா சொல்லியிருந்தாள்.

“நல்லா இருக்கா. வீட்டுல உக்காந்து எங்களையெல்லாம் அதட்டிட்டு இருக்கா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரெண்டு நிமிஷம் லேட்டாகியிருந்தா...” ரமா சொல்லி முடிக்காமல் குணேஸ்வரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக அந்தக் கைகளைத் தாழ்த்திப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள். மினுமினுப்பில் விரலை வைத்தாள்.

“இது நல்லெண்ணெய்.”

“ஓம். கை கொஞ்சம் வெடிச்சுப்போச்சு, அதுக்குத்தான்...”

“அவளுக்கு ரெண்டு வயசுலேர்ந்து எங்க வீட்டுக்குள்ள வராத வாசனை. அம்ருதாவுக்கு இதைத் தெரியவே தெரியாது. எனக்கு மறக்கல.” ரமாவின் குரல் உயரவில்லை. “அன்னிக்கும் போட்டிருந்தீங்களா?”

குணேஸ்வரி தன் கைகளைப் பார்த்தாள். பேகல், மசியல், சாலட் குழம்பு, பெட்டியின் பின்பக்கச் சிற்றெழுத்து. அதன் பிறகு கொத்தமல்லி. பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ கடவுளே. என்ர கையாலயே குடுத்தனான்.”

ரமா அவளை உட்காரவைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள். மேசையில் சிந்தியிருந்த உப்பை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். தாயின் கோபம் முகத்தில் வந்து போனது. பிறகு திரும்பவும் அந்தக் கைகளை இழுத்து, இந்தத் தடவை மருத்துவராகப் பார்த்தாள். மணிக்கட்டில் கையுறையின் விளிம்பு முடிகிற இடத்தில், கோடு கிழித்ததுபோல் சிவப்பு நின்றிருந்தது.

“இது குளிர் வெடிப்பு இல்ல. க்ளவ்ஸ்ல இருக்கற கெமிக்கல். உங்களுக்கும் அலர்ஜிதான்.”

“எனக்கோ?” குணேஸ்வரி நம்பவில்லை. “எனக்கு ஒரு சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் விட்டதில்லை, டொக்டர்.”

“சாப்பாட்டுல இல்லம்மா. வேலையில.” ரமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “நான் இதை வெளியில சொல்லித்தான் ஆகணும். இல்லேன்னா அம்ருதா எதைப் பார்த்துப் பயப்படணும்னே தெரியாம எல்லாத்தையும் பார்த்துப் பயப்படுவா. ரெண்டு நாளா வெறும் சோறுதான் சாப்பிடறா. அதையும் நானே வடிச்சாத்தான்.”

“நீங்கள் சொல்ல வேண்டாம்,” என்றாள் குணேஸ்வரி. ரமா நிமிர்ந்தாள். “நான் சொல்லுறன். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ. என்ர பிரெஞ்சு கோபம் வந்தாலும் ஓடிப்போகும், பயம் வந்தாலும் ஓடிப்போகும்.”

சில்வியின் அறையில் இரண்டு பேருக்குத்தான் நாற்காலி இருந்தது. குணேஸ்வரி நின்றுகொண்டே சொன்னாள். எண்ணெய், லொக்கர், கழுவாமல் விட்டது, கொத்தமல்லி. பிரெஞ்சு நின்ற இடங்களில் ரமா எடுத்துக் கொடுத்தாள். பிறகு ரமா தன் பங்கைச் சொன்னாள்: கையுறையால் வந்த ஒவ்வாமை, இதை வேலையில் வந்த நோயாகப் பதிய வேண்டும், அந்த வகைக் கையுறையை மாற்றாவிட்டால் அடுத்து நிற்பவருக்கும் வரும். சில்வி தலையாட்டித் தலையாட்டித் தட்டெழுதினாள். முதல் பகுதிக்கு அவள் விரல்கள் வேகமாக ஓடின. இரண்டாவது பகுதிக்கு வந்தபோது நிறுத்தி, கையுறை கொள்முதல் தன் கையில் இல்லை, டொராண்டோவுக்கு அனுப்பிவைக்கிறேன் என்றாள். பொய் சொல்கிற முகமாக இருக்கவில்லை. களைத்த முகமாக இருந்தது.

“நான் முந்தியும் கேட்டனான்,” என்றாள் குணேஸ்வரி பிரெஞ்சில்.

கேட்டாய், பிறகு சுகமாகிவிட்டது என்றும் நீயே சொன்னாய் என்று சில்வி மெதுவாகச் சொன்னாள்.

குணேஸ்வரி கைகளை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஊதாக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பாத்திர அறைக்கு அனுப்பினார்கள், கூப்பிடும்போது வரலாம். இணையப் பக்கத்தில் அவள் படம் இருந்த இடத்தில் ஒரு சாலட்டின் படம் வந்தது. பணியாளர் அறைச் சுவரில் புதிய அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டது. களிம்புக் குழாய், எண்ணெய்ப் போத்தல், வாசனைக் கிறீம் மூன்றையும் வரைந்து, மூன்றின் மேலும் சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள்.

“வா பிள்ளை, இஞ்ச எல்லாருக்கும் எல்லாச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளும். மிச்சமாத்தானே வருது,” என்று வரவேற்றார் யோகேந்திரன். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான்தான் எண்ணெயைச் சொன்னனான்,” என்றார்.

“நீங்கள் சொல்ல முன்னமே பூசினனான் அண்ணை. உங்களுக்கு அதில பங்கில்லை.”

அம்ருதா திரும்பி வந்ததும் முதல் நாளே தட்டு வைக்கும் ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். “ஆன்ட்டி! அம்மா உங்க கை எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நஷ்டஈட்டு க்ளெயிம் போட்டாச்சான்னும்.”

“போட்டிருக்கு. பாப்பினமாம்.” குணேஸ்வரி முழங்கை வரை போட்டிருந்த தடித்த ரப்பர் உறையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே ரமா கொடுத்தனுப்பிய பருத்தி உறை இருந்தது. “இதுக்குள்ள சுகமா இருக்கு. நீ சாப்பிட்டனியோ?”

“சாப்பிட்டேன். புது அக்கா கொத்தமல்லி போட மாட்டேங்கறாங்க. ரூல்ல இல்லையாம்.”

அந்தப் புது அக்கா றொஷினி. கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஊதா ஏப்ரனை வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி போட்டு வருவாள் என்று யோகேந்திரன் சொல்லிச் சிரித்திருந்தார்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள், கல்லூரிக்குப் பக்கத்துக் கால்வாயில் பனிக்கட்டி உடைந்து நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கிழமையில் குணேஸ்வரியைக் கூப்பிட்ட ஒரே நாள் அது. மதிய நெரிசலின் நடுவே றொஷினி பாத்திர அறைக்குள் அவசரமாக வந்தாள். நீலக் கையுறைகளை உருவித் தொட்டியில் எறிந்தாள். குளிர்ந்த தண்ணீரைத் திறந்து அதற்குள் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டாள் குணேஸ்வரி.

“போன கிழமை துவங்கினது அக்கா. விரலிடுக்கெல்லாம் கடிச்சுக் கொல்லுது.” றொஷினி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “சில்வியிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. எண்ணெய் பூசக்கூடாது எண்டு தெரியும். வேற ஏதும் பூசலாமோ அக்கா? மணமில்லாததா, வெளியில தெரியாததா?”

குணேஸ்வரி கையிலிருந்த தட்டுக் கட்டை இறக்கி வைத்தாள். கதவின் வட்டக் கண்ணாடிக்கு அப்பால், ஊதாக் கவுண்டருக்கு மேலே அதே நீலப் பெட்டிகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கீழே ரொட்டித்துரையும் ஏகாதசியும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆசுபத்திரியில போய்க் காட்டு. நான் ஒரு டொக்டரின்ர நம்பர் தாறன்.”

“காட்டினால் எழுதுவினம் அக்கா. எழுதினால் வீட்டில நிக்கச் சொல்லுவினம்.”

குணேஸ்வரி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். றொஷினி அதற்குள் கையை எடுத்துவிட்டாள். கடதாசித் துவாயில் விரல் விரலாக ஒற்றி, ஏப்ரன் பையிலிருந்து அடுத்த நீலச் சோடியை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டு வரை இழுத்து மாட்டினாள்.